சீன மாணவர்களின் ஆங்கிலக் காதும் இலக்கணமும்: காவ்காவ் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மாணவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள், தேர்வு முறைகளில் ஆர்வமுள்ள நம்மூர் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. லிசனிங் (ஒலிப்பதிவைக் கேட்டு விடையளிக்கும் பகுதி), இலக்கணம் இரண்டையும் மட்டும் விரிவாகப் பார்க்கலாம். மற்றவற்றை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

பள்ளி முடிக்கும் மாணவர்களின் ஆங்கிலத்தைச் சோதிப்பது எந்தத் தேர்வு?

காவ்காவ். தமிழ்க் காதுக்குக் காக்கை கரைவது போலக் கேட்கும். உயர்கல்விக்கான தேர்வு என்பதன் சுருக்கம் அது. சீனப் பல்கலைக்கழகங்களில் இடம் பிடிக்க இதுதான் பெரிய வாசல். கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோன இந்தத் தேர்வு 1977 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2003இலிருந்து பொதுவாக ஜூன் 7ஆம் தேதி ஆரம்பிக்கிறது. 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர்.

ஆங்கிலம் அங்கே எடுத்த எடுப்பிலேயே பெரிய பாடமாகிவிடவில்லை. 1978இல் வெளிநாட்டு மொழியின் மதிப்பெண்ணை ஒரு தகவலுக்காகத்தான் வைத்துக்கொண்டார்கள், மொத்தத்தில் சேர்க்கவில்லை. 1980இல் அதில் 30 சதவீதம் கணக்கில் வந்தது. முழு மதிப்பெண்ணும் சேர்ந்தது 1983இல்தான். இன்றைக்குச் சீன மொழி, கணிதம், வெளிநாட்டு மொழி மூன்றுக்கும் தலா 150. வெளிநாட்டு மொழி என்று ஆறு மொழிகள் இருந்தாலும் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலம். ஆங்கிலம் வராமல் ஜப்பானிய மொழிக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அங்கே சீன எழுத்துகள் நிறைய வரும் என்பது அவர்கள் கணக்கு.

150 மதிப்பெண்ணில் லிசனிங்குக்கு எவ்வளவு, இலக்கணத்துக்கு எவ்வளவு?

பல மாகாணங்கள் எழுதும் புதிய தேசியத் தாளை எடுத்துக்கொள்வோம். நேரம் இரண்டு மணி. லிசனிங் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. மொழிப் பயன்பாட்டில் பாதி, அதாவது 15 மதிப்பெண், பத்தி ஒன்றில் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுப்பது. மீதி 15தான் நேரடி இலக்கணம்.

வெறும் 15தானா என்று தோன்றும். ஆனால் எழுத்துப் பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் இலக்கணம் உட்கார்ந்திருக்கிறது. பாதிக் கதையைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லும் 25 மதிப்பெண் கேள்வியில் வினைக்காலம் தடுமாறினால் கதையே கவிழ்ந்துவிடும்.

லிசனிங் எப்படி நடக்கும்?

ஆங்கிலத் தேர்வு மதியம் 3 மணிக்கு. மற்றப் பாடங்களுக்குத் தொடங்கி 15 நிமிடம் வரை தாமதமாக வரலாம். ஆங்கிலத்துக்குப் பொதுவாக அது தலைகீழ்: 2.45க்கே கதவைச் சாத்திவிடுவார்கள். ஒலிபெருக்கி ஓடும்போது ஒருவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால் அறையில் இருக்கிற எல்லோருடைய காதும் கெடும் அல்லவா?

ஒலிப்பதிவு சுமார் 20 நிமிடம், கேள்விகள் 20, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். முதல் ஐந்து குட்டி உரையாடல்கள். ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும், அடுத்ததற்குப் போகப் பத்து விநாடி. அப்புறம் வருகிற ஐந்து பகுதிகள் நீளமானவை. இரண்டு தடவை ஒலிக்கும். கடைசிப் பகுதி பெரும்பாலும் ஒருவர் மட்டும் பேசுவதாக இருக்கும். எல்லாம் முடிந்ததும் விடைகளை 2பி பென்சிலால் ஓ.எம்.ஆர். தாளில் கருப்பாக்க இரண்டு நிமிடம் தருவார்கள்.

கேள்விகள் கடினமா?

சொற்கள் கடினமில்லை. பாடத்திட்டம் எதிர்பார்ப்பதே சுமார் 3000 சொற்கள்தான், லிசனிங்கில் வருபவை அவற்றிலும் எளியவை. வலை வேறு இடத்தில் விரிக்கப்பட்டிருக்கும். நானே ஒன்று செய்து காட்டுகிறேன். ஆங்கிலத்தில் இப்படி ஓர் உரையாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"படம் ஆறு மணிக்குத்தானே?"
"ஆறரைக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ஐந்தரைக்கே வந்துவிடு."

கேள்வி: படம் எப்போது தொடங்கும்? விடைகள்: ஐந்தரை, ஆறு, ஆறரை. மூன்றுமே காதில் விழுந்தவை. காதில் விழுந்ததையெல்லாம் குறிக்கிற மாணவன், கடைசியாகக் கேட்ட ஐந்தரையைத் தொடுவான். ஆறரைக்கு மாறிவிட்டது என்பதைப் பிடித்தவனுக்குத்தான் மதிப்பெண். நல்ல லிசனிங் கேள்வியின் இலக்கணம் இதுதான் என்று நினைக்கிறேன்: மூன்று விடைகளும் ஒலியில் இருக்க வேண்டும், சொற்கள் எளிதாக இருக்க வேண்டும், புரிந்தவனுக்கும் கேட்டவனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஒரு குறையும் இருக்கிறது. விடைகள் மூன்றே மூன்று. காதைப் பொத்திக்கொண்டு குருட்டாம்போக்கில் குறித்தாலும் 20இல் ஆறேழு தேறும். சராசரியாக 10 மதிப்பெண் வந்துவிடும். ஆகவே 30க்கு 12 வாங்கிய பிள்ளைக்கு உண்மையில் என்ன கேட்டது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 27க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் ஏதாவது சொல்லும். கீழே போகப் போக எண்ணுக்கு அர்த்தம் குறைந்துகொண்டே வரும்.

சீன மாணவர்களின் காது எங்கே தடுக்குகிறது?

சீனாவின் பொது மொழியான மாண்டரினில் சொற்களின் முடிவில் உயிரொலியோ, மூக்கொலியோ, சில சமயம் ர் போன்ற ஒலியோ வரும். ட், க், ப், ஸ் என்று முடியும் சொல் கிடையாது. ஆங்கிலத்திலோ இறந்தகாலம், பன்மை எல்லாமே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'வாக்' என்பதற்கும் 'வாக்ட்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி ஒலி மட்டும்தான். இலக்கணத் தாளில் அதைச் சரியாக எழுதுகிற மாணவிக்கு ஒலிப்பதிவில் அது கேட்கவே கேட்காது. தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் கான்டனீஸ் பேசும் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் பரவாயில்லை. அவர்கள் மொழியில் ப், த், க் முடிவுகள் உண்டு.

வட்டாரத்துக்கு வட்டாரம் சிக்கலும் மாறும். சிச்சுவான், ஹூனான் பகுதிகளில் பலருக்கு ந, ல இரண்டும் ஒன்றாகக் கலக்கும். அவர்களுக்கு 'நைட்', 'லைட்' இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

அப்புறம் எண்கள். 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' தகராறு உலகம் முழுக்க உள்ளது. சீனர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அவர்கள் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள், அந்த அலகுக்கு 'வான்' என்று பெயர். 'டூ ஹண்ட்ரட் தௌசண்ட்' என்று கேட்டால் மனசுக்குள் 20 வான் என்று மாற்ற வேண்டும். நாம் 'மில்லியன்' என்று கேட்டதும் பத்து லட்சம் என்று ஒரு நொடி நிற்போமே, அதே நொடிதான். ஒரே தடவை ஒலிக்கும் உரையாடலில் அந்த நொடி விலை உயர்ந்தது.

ஒலிபெருக்கி சரியில்லை, வெளியே லாரி போகிறது என்றால் என்ன செய்வார்கள்?

தேர்வு நாட்களில் மையங்களைச் சுற்றிக் கட்டட வேலையை நிறுத்திவைப்பதும், ஹாரன் அடிக்கத் தடை போடுவதும் சீன நகரங்களில் வழக்கம். தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே: அவர்களுடைய நுழைவுத்தேர்வின் ஆங்கில லிசனிங் நேரத்தில் 35 நிமிடம் விமானங்களே ஏறி இறங்குவதில்லை.

செவித்திறன் குறைந்த மாணவர்கள் லிசனிங்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். லிசனிங் தவிர்த்த மீதி 120க்கு அவர்கள் வாங்கியதை 150க்கு விகிதமாகப் பெருக்கிக் கொடுப்பார்கள். 120க்கு 96 என்றால் 150க்கு 120. நியாயமான ஏற்பாடு.

இலக்கணக் கேள்வி முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி?

சீன ஆங்கில வகுப்பறையின் கதையே இதில்தான் இருக்கிறது. 1985இல் குவாங்டோங்கில் நவீன முறையிலான கொள்குறித் தேர்வைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். குய் ஷிச்சுன், லி சியாவ்ஜூ போன்ற குவாங்சோ மொழியியல் பேராசிரியர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். பிறகு அந்த முறை நாடு முழுக்கப் பரவியது. ஒரு வாக்கியம், ஒரு கோடிட்ட இடம், நான்கு விடைகள். திருத்துவது சுலபம், லட்சக்கணக்கான தாள்களை இயந்திரம் பார்த்துவிடும்.

விளைவு? வகுப்பறையில் ஆங்கிலம் தனித்தனி வாக்கியங்களாக நொறுங்கியது. முன்னும் பின்னும் இல்லாத வாக்கியத்தில் எந்தக் காலம் வரும் என்று ஊகிப்பது ஒரு வித்தையானது. கேள்வி போட்டவரின் மனசைப் படிக்கிற வித்தை என்றுகூடச் சொல்லலாம்.

குவாங்டோங்தான் மறுபடி முதலில் மாறியது. 2007இல் அங்கே பத்தி நிரப்பும் கேள்வி வந்தது, 2014இல் தேசியத் தாள்களுக்கும் வந்துசேர்ந்தது. சுமார் 200 சொல் பத்தி, அதில் பத்துக் கோடிட்ட இடங்கள். பெரும்பாலான இடங்களில் மூலச்சொல் கொடுத்திருக்கும், அதைச் சரியான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் எதுவுமே இருக்காது. 'த', 'விச்', 'டு' போல ஒன்றை மாணவரே யோசித்துப் போட வேண்டும். கண்ணை மூடிக் குறிப்பதெல்லாம் இங்கே செல்லாது. ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் அந்த ஒன்றரை மதிப்பெண் போச்சு.

இடையில் பிழை திருத்துக என்று ஒரு கேள்வி இருந்தது, பத்தியில் பத்துப் பிழை, பத்து மதிப்பெண். புதிய தாளில் அது இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பழக்கத்தைச் சோதித்த ஒரே கேள்வி அது.

அந்தப் பத்திகள் எதைப் பற்றி இருக்கும்?

பெரும்பாலும் சீனாவைப் பற்றி. புதிய தேசியத் தாளின் முதல் வகையில் 2021இல் ஹுவாங்ஷான் மலை, 2022இல் ராட்சத பாண்டா தேசியப் பூங்கா, 2023இல் சாறு உள்ளே நிற்கும் சியாவ்லோங்பாவ் கொழுக்கட்டை. தன் ஊரை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும் என்பது இப்போதைய நோக்கம். பசியோடு உட்கார்ந்து கொழுக்கட்டையைப் பற்றி இலக்கணம் எழுதிய பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

எந்த இலக்கணம் அவர்களை அதிகம் படுத்துகிறது?

சீன வினைச்சொல் எதற்காகவும் உருமாறாது. நேற்றும் நாளையும் அதே சொல்தான். செயல் முடிந்ததா, நடக்கிறதா என்பதைப் பக்கத்தில் நிற்கும் குட்டி இடைச்சொல் காட்டும். அவன், அவள் இரண்டும் பேச்சில் ஒரே 'தா'. இதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூடப் பேசும்போது அம்மாவை 'ஹி' என்று சொல்லிவிடும். நமக்கு வினைமுற்றில் காலமும் பாலும் எண்ணும் ரத்தத்தில் இருப்பதால் அந்தச் சங்கடம் இல்லை. 'ஏ', 'த' விஷயத்தில் மட்டும் நாமும் அவர்களும் ஒரே படகு.

ஆசிரியர்கள் அதிக நேரம் செலவிடுவது வினைமுற்று அல்லாத வினைவடிவங்களுக்குத்தான். ஓர் உதாரணம்: 'த லெட்டர் ____ பை ஹிஸ் கிராண்ட்ஃபாதர் இஸ் ஸ்டில் இன் த பாக்ஸ்.' கொடுத்த சொல் 'ரைட்'. விடை 'ரிட்டன்'. பலர் 'வாஸ் ரிட்டன்' என்று எழுதுவார்கள். ஏன் என்று பார்த்தால், தாத்தா எழுதிய கடிதம் என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்பது போலவே சீன மொழியும் வைக்கிறது. ஆங்கிலம் அதைப் பெயருக்குப் பின்னால் தள்ளுகிறது. 'லெட்டர்' என்ற சொல்லைத் தாண்டியதும் முற்றுவினை வந்தாக வேண்டும் என்று மாணவரின் கை துடிக்கிறது, நான்கு சொல் தள்ளி 'இஸ்' காத்திருப்பதைப் பார்ப்பதற்குள் எழுதியாகிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் இதே பிழையைச் செய்வார்கள், அதே காரணத்துக்காக.

இவ்வளவு இலக்கணம் தெரிந்தும் பேச வராது என்கிறார்களே?

அதற்குச் சீனர்களே வைத்த பெயர் ஊமை ஆங்கிலம். தேர்வில் பேச்சு இல்லாவிட்டால் வகுப்பிலும் இருக்காது, அவ்வளவுதான். லிசனிங்கின் கதையும் முன்பு இதேதான். சில மாகாணங்களில் லிசனிங் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்காத காலம் ஒன்று இருந்தது. மதிப்பெண் இல்லாத பகுதிக்கு வகுப்பில் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, மாற்றம் எங்கே வந்தது? குவாங்டோங் 2011 முதல் கணினி முன்னால் உட்காரவைத்துக் கேட்கவும் பேசவும் சொல்கிறது. ஒரு சிறு காணொளியைப் பார்த்து அதே ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டும், ஒரு பாத்திரமாகக் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெய்ஜிங் 2021இலிருந்து கேட்டலுக்கு 30, பேச்சுக்கு 20 என்று 50 மதிப்பெண்ணைக் கணினித் தேர்வுக்கு ஒதுக்கிவிட்டது. வருடத்தில் இரண்டு வாய்ப்பு, எது அதிகமோ அது கணக்கு.

கதையைத் திருப்பிச் சொல்லும் கேள்விதான் இவற்றில் எனக்குப் பிடித்தது. மூன்று விடைகளில் ஒன்றைக் குறிக்கிறவனின் காதை நம்மால் பார்க்க முடியாது. திருப்பிச் சொல்கிறவனுக்கு எது கேட்டது, எது நழுவியது, இறந்தகாலத்தை விட்டானா, எல்லாம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு தடவை எழுதவிட்டால் இரண்டு தாளும் ஒரே கடினம் என்று எப்படிச் சொல்வது?

அதில்தான் ஜெஜியாங் மாகாணம் 2018இல் சூடு வாங்கியது. அங்கே ஆங்கிலத்தை ஆண்டுக்கு இரண்டு தடவை எழுதலாம். அந்த நவம்பர்த் தாள் முந்தைய ஆண்டைவிடக் கடினம் என்று சொல்லி, சில கேள்விகளுக்கான மதிப்பெண்ணை அதிகாரிகள் தாங்களாகவே கூட்டிக் கொடுத்தார்கள். நோக்கம் என்னவோ சமன்படுத்துவதுதான். ஆனால் தேர்வு முடிந்த பிறகு யாரிடமும் சொல்லாமல் செய்த கணக்கு அது. ஒரே தேர்வை எழுதியவர்களுக்குள் யாருக்கு எவ்வளவு கூடியது என்று பெற்றோர் கொதித்தார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பர் 5ஆம் தேதி அந்த முடிவு தவறு என்று அறிவித்தது. எல்லோருக்கும் முதலில் வாங்கிய மதிப்பெண்ணே திரும்பியது, கல்வித் துறைத் தலைவரின் பதவி போனது.

ஒரு சீன மாணவரின் லிசனிங்கையும் இலக்கணத்தையும் நானே சோதிக்க வேண்டும். எப்படித் தொடங்குவது?

பழைய கேள்வித்தாளைக் கொடுக்காதீர்கள். அதை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை செய்து முடித்திருப்பார். பயிற்சித்தாள்களை வரிசையாகச் செய்து தள்ளுவதற்கு அங்கே தனிச் சொல்லே இருக்கிறது. நூறு சொல்லுக்குள் ஒரு சம்பவத்தை நீங்களே எழுதி, சாதாரண வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை வெறுமனே கேட்கட்டும், இரண்டாவது தடவை குறிப்பெடுக்கட்டும். பிறகு அதையே அவர் சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.

எழுதியதை இரண்டு நிறப் பேனாவால் திருத்துங்கள். சம்பவமே மாறியிருந்தால் அது காதின் பிழை. சம்பவம் சரியாக இருந்து வினைவடிவம் மட்டும் தவறியிருந்தால், 'அந்த ஒலி கேட்டதா?' என்று அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி வாசித்துக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் காதுக்குப் பயிற்சி, கேட்டும் எழுதவில்லை என்றால் இலக்கணத்துக்குப் பயிற்சி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதுதான் டியூஷன் சென்டர்களில் நடக்கிறது, அங்கேயும் இங்கேயும்.

சீனா ஆங்கிலத்தைக் கைவிடப்போகிறது என்று செய்தி வருகிறதே?

அவ்வப்போது வரும். 2013இல் பெய்ஜிங் ஆங்கிலத்தை 150இலிருந்து 100ஆகக் குறைத்துச் சீன மொழியை 180ஆக உயர்த்த ஒரு வரைவு வெளியிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2021இல் ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலப் பருவத் தேர்வை எடுத்துவிட்டது. காவ்காவில் ஆங்கிலத்தின் 150 அப்படியேதான் இருக்கிறது.

சீன நண்பர்களிடம் '9 பவுண்டு 15 பென்ஸ்' என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

லிசனிங் தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் அதே எடுத்துக்காட்டுக் கேள்விதான் வரும். சட்டையின் விலை என்ன? 19.15, 9.18, 9.15 என்று மூன்று விடைகள். சரியான விடை சி, அதாவது 9 பவுண்டு 15 பென்ஸ் என்று ஒரு குரல் நிதானமாகச் சீன மொழியில் விளக்கும். மாதிரித் தேர்வுகளிலும் அதே சட்டை, அதே விலை. இணையத்தில் அதை வைத்து எத்தனையோ கேலிகள். வேடிக்கை என்னவென்றால், அந்த விளக்கத்தை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. விலை ஒலிக்கிற நேரத்தில் முதல் ஐந்து கேள்விகளைப் படித்து வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் ஆசிரியர்கள் பழக்குகிறார்கள். தலையைக் குனிந்து வேறெதையோ படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் காதில், அந்தச் சட்டையின் விலை மட்டும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.